சோளக்காட்டில் நின்ற கோர்ட்டு

ஓரில்லா ட்விச்சல் நெப்ராஸ்காவுக்கு வந்ததே மனிதர்களின் வாயிலிருந்து தப்பிக்கத்தான். அதுவரை ஒஹையோவில் அண்ணன் வீட்டில் இருந்தாள். கல்யாணமாகாத தங்கை என்றால் சம்பளமில்லாத சமையல்காரி என்று அர்த்தம். அண்ணன் பேசுவான், அண்ணி அதற்கு மேல் பேசுவாள், அவர்கள் பெற்றுப்போட்ட பட்டாளம் ஆளுக்கொரு மூலையில் நின்று கத்தும். ஒருநாள் மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையைக் கழுவினாள், தன் துணிமணியை மூட்டை கட்டினாள், நேரே ரயில் நிலையத்துக்குப் போனாள். "யாருமே இல்லாத ஊருக்கு ஒரு டிக்கெட் குடுங்க" என்று கேட்டாளாம். டிக்கெட் கொடுப்பவன் சிரித்துவிட்டு மேற்கே கடைசி நிலையத்துக்குக் கிழித்துக் கொடுத்திருக்கிறான்.

எங்கள் டார்பி ஜில்லாவில் அப்போது ஊர் என்று இருந்தவை இரண்டே இரண்டு. மேற்கே பிளம்டன், கிழக்கே விண்டம். இரண்டுக்கும் நடுவில் இடுப்பளவு புல்லும் காற்றும்தான். ஓரில்லா அந்த நட்டநடுவில் போய் அரசாங்க நிலம் ஒன்றுக்கு மனுப் போட்டாள். ஐந்து வருஷம் அந்த நிலத்திலேயே குடியிருந்து உழுது விதைத்தால் நிலம் சொந்தம், பட்டா கைக்கு வரும். புல் வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கித் தானே வீடு கட்டிக்கொண்டாள். கூரையிலிருந்து அவ்வப்போது ஒரு பாம்பு எட்டிப் பார்க்கும். பாம்பு பேசாது என்பதால் அவளுக்கு அதன்மேல் ஒரு மரியாதை இருந்தது. ஏரில் பூட்டிய எருதுகளிடம்கூட அளந்துதான் பேசுவாள்.

ஆனால் புல்வெளி நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வழிப்போக்கன் எவன் வந்து கதவைத் தட்டினாலும் சோறு போட வேண்டும். அவன் பாதிரியோ, குதிரை திருடுகிறவனோ, கேட்கக் கூடாது. நாளைக்குப் பனிப்புயலில் நம் உயிர் யார் வீட்டு வாசலில் தொங்கப்போகிறதோ யாருக்குத் தெரியும்? ஓரில்லாவும் இந்த வழக்கத்தை மீறியதில்லை. சோள ரொட்டி, உப்புப் பன்றிக்கறி, பீன்ஸ், காப்பி எல்லாம் தட்டு நிறைய வைப்பாள். வாய் துடைக்கும்வரை பொறுத்திருப்பாள். அப்புறம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டாச்சில்ல? கிளம்புங்க" என்பாள். இதில் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. ஒருமுறை பாதிரியார் ஜெபம் பண்ணி முடிக்குமுன்பே கிளம்ப வேண்டியதாயிற்று.

இப்படியே நாலு வருஷம் நிம்மதியாக ஓடியது. பட்டாவுக்கு இன்னும் ஒரே ஒரு அறுவடைதான் பாக்கி. அப்போதுதான் எங்கள் ஜில்லாவின் தலைநகரம் எது என்ற சண்டை மூண்டது.

தலைநகரம் அதுவரை பிளம்டன். கோர்ட்டு அங்கே இருந்தது. கோர்ட்டு இருந்தால் வக்கீல் வருவான், வழக்காடுகிறவன் வருவான், ஜூரிகள் வருவார்கள். அத்தனை பேருக்கும் படுக்க இடம், குதிரைக்குப் புல், தொண்டைக்கு விஸ்கி வேண்டும். கோர்ட்டை இழந்த ஊர் ஒரே வருஷத்தில் புல் முளைத்துப் போகும். விண்டம்காரர்கள் சும்மா இருப்பார்களா? தேர்தல் வைக்கச் சொன்னார்கள், வைத்தார்கள், ஜெயித்தார்கள். அந்த ஊரில் இருந்த தலைகளைவிட விழுந்த ஓட்டு அதிகம். பிளம்டன்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. அவர்கள் பக்கமும் கல்லறையிலிருந்து எழுந்து வந்து ஓட்டுப் போட்டவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் ஊர் இடுகாடு சின்னது.

ஜெயித்த விண்டம்காரர்கள் கோர்ட்டை மட்டும் கேட்கவில்லை, கோர்ட்டுக் கட்டடத்தையே கேட்டார்கள். எங்கள் பக்கம் மரம் கிடையாது, பலகை எங்கேயோ தூரத்திலிருந்து ரயிலில் வர வேண்டும். அதனால் ஊர் மாறினால் கட்டடமும் கூடவே மாறுவது வழக்கம். வீட்டுக்கு அடியில் பெரிய கட்டைகளைக் கொடுத்து, சங்கிலி போட்டு, எருதுகளைப் பூட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், பெண்கள் சமைத்துக்கொண்டிருப்பார்கள், புல்வெளியில் வீடு நகரும். இதையெல்லாம் யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை.

விண்டம் கோஷ்டிக்குத் தலைவர் ஆகெசன். நார்வே நாட்டிலிருந்து வந்த தானிய வியாபாரி, ஆளும் தானிய மூட்டை போல இருப்பார், நிதானம். அவர் செய்த ஒரே அவசர வேலை, பனி உருகுகிற மார்ச் மாதத்தில் கட்டடத்தை இழுக்கக் கிளம்பியது. பிளம்டன்காரர்கள் அசந்திருந்த நேரத்தில் கோர்ட்டைக் கிளப்பிக்கொண்டு பாதி வழி வந்துவிட்டார். பாதி வழி என்றால் யார் நிலம்? ஓரில்லாவின் நிலம்தான். அதன் வடக்கு ஓரத்துத் தாழ்வில் அடிக்கட்டைகள் சேற்றில் புதைந்தன. எருதுகள் முட்டி போட்டன. கோர்ட்டு நின்றது.

ஓரில்லா காலையில் கதவைத் திறந்தால், முந்தின வருஷத்துச் சோளத் தட்டைகளுக்கு நடுவே வெள்ளைச் சாயம் அடித்த கோர்ட்டு, உச்சியில் மணியோடு நிற்கிறது. புகைபோக்கியில் புகை. கதவு திறந்தது, குட்டையான ஒரு மனிதர் கையில் காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்று, "குட்மார்னிங் அம்மணி! இது எந்த இடம்?" என்றார்.

அவர்தான் கோர்ட்டு குமாஸ்தா லெமுவல் ஃபிட்ச். ஜில்லாவின் காகிதங்களை விட்டு ஒருநாளும் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து உத்தியோகம் ஏற்றவர். கட்டடத்தை இழுத்தபோதும் உள்ளேயே உட்கார்ந்து வந்துவிட்டார். மனிதர் நல்லவர். ஆனால் வாய் திறந்தால் மூடத் தெரியாது.

"இது என் சோளக்காடு" என்றாள் ஓரில்லா.

"அருமையான சோளக்காடு! மண்ணைப் பாத்தாலே தெரியுதே. எங்க மாமா ஒருத்தர் இண்டியானாவுல..."

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"வந்து சாப்பிட்டுட்டு, இதை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

ஃபிட்ச் வந்து சாப்பிட்டார். கோர்ட்டு கிளம்பவில்லை. அன்று மத்தியானமே பிளம்டன் கோஷ்டி துப்பாக்கிகளோடு வந்து மேற்குப் பக்கம் உட்கார்ந்துகொண்டது. அவர்களுக்குத் தலைவன் டூலி, அயர்லாந்துக்காரன், குதிரை லாயம் வைத்திருந்தவன். ஆகெசன் எவ்வளவு நிதானமோ, இவன் அவ்வளவு படபடப்பு. மூக்கின் மேல் கோபம். விண்டம் கோஷ்டி கிழக்குப் பக்கம் கூடாரம் அடித்தது. "ஒரு அடி கிழக்க நகந்தா சுடுவேன்" என்றான் டூலி. "ஒரு அடி மேக்க நகந்தா நானும் சுடுவேன்" என்றார் ஆகெசன். ஆக, கோர்ட்டு எந்தப் பக்கமும் போக முடியாமல் நடுவில் நின்றது.

இதோடு விட்டதா? வசந்தகாலத்து வழக்குகளை விசாரிக்க ஜட்ஜ் வந்தார். கோர்ட்டு நடக்க வேண்டிய இடம் கோர்ட்டுக் கட்டடம், கட்டடம் இருக்குமிடம் சோளக்காடு. அவர் பாட்டுக்குச் சேற்றில் இறங்கி உள்ளே போய் உட்கார்ந்து சுத்தியலைத் தட்டிவிட்டார். வக்கீல்கள் வந்தார்கள். கன்றுக்குட்டி வழக்கு, வேலி வழக்கு, வாக்குக் கொடுத்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டவன் மேல் வழக்கு, எல்லாம் வந்தன. மத்தியானம் ஆனதும் அத்தனை பேரும் புல்மண் வீட்டின் கதவைத் தட்டினார்கள். பக்கத்தில் வேறு கதவே கிடையாதே!

ஓரில்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் வழக்கம் வழக்கம்தான். பழைய கலப்பைக் கொழு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். சமையல் ஆனதும் இரும்புக் கரண்டியால் அதில் ணங் ணங் என்று அடிப்பாள். டூலி ஆட்களும் ஆகெசன் ஆட்களும் துப்பாக்கிகளை வாசலில் சாத்திவிட்டு வருவார்கள். பெண்பிள்ளை சாப்பாடு போடுகிற இடத்துக்குத் துப்பாக்கியோடு வரக் கூடாது என்பதும் ஒரு வழக்கம். காலையெல்லாம் ஒருவரையொருவர் சுடுவதாகச் சொன்னவர்கள், "அந்த வெல்லப்பாகை இப்பிடித் தள்ளுய்யா" என்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தின்பார்கள். மாவும் கறியும் அவரவர் ஊரிலிருந்து கொண்டுவந்து தள்ளினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், அந்த நாணயம் இரண்டு பக்கமும் இருந்தது. தின்று முடித்ததும் வழக்கம்போல ஓரில்லா கதவைத் திறந்து பிடிப்பாள். "சாப்பிட்டாச்சில்ல? கிளம்புங்க. அந்தக் கட்டடத்தையும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"அவனைப் போகச் சொல்லுங்க அம்மணி, நான் போறேன்" என்பான் டூலி.

"அவர் முதல்ல போகட்டும்" என்பார் ஆகெசன்.

மே மாதம் ஒரு நாவிதன் கோர்ட்டுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு நாற்காலியும் கண்ணாடியும் வைத்தான். அடுத்து ஒரு வண்டிக்காரன் ஆணி, உப்பு, புகையிலை விற்க வந்தான். ஓரில்லா புது நாற்று முளைத்த காட்டில் நின்று இதையெல்லாம் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஃபிட்ச் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மணி, ஒரு விஷயம் சொல்லணும். நான் கொஞ்சம் அதிகமாப் பேசறவன்தான்..."

"கொஞ்சமா?"

"ஆனா இது விளையாட்டு இல்ல. குடியிருந்து பட்டா வாங்கற சட்டம் வெள்ளாமை நிலத்துக்குத்தான். ஊர் ஆயிட்ட இடத்துக்கு அது செல்லாது. இங்க கோர்ட்டு, சவரக்கடை, உப்புக்கடை எல்லாம் வந்தாச்சு. அறுவடைக்கு அப்புறம் நில ஆபீஸ் அதிகாரி வரும்போது இதெல்லாம் இங்கயே இருந்துச்சுன்னா, 'இது ஊரு'ன்னு எழுதிட்டுப் போயிடுவார். உங்க நாலரை வருஷமும் போச்சு."

ஓரில்லாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நிலத்தில் அவள் விட்ட வியர்வையை யாரால் சொல்ல முடியும்? முதல் குளிர்காலத்தில் எருதுகளை வீட்டுக்குள் கட்டிக்கொண்டு அவற்றின் மூச்சுச் சூட்டில் தூங்கியவள். வெட்டுக்கிளி தின்ற வருஷம் அவித்த கோதுமையை மட்டும் தின்றே வசந்தம்வரை தள்ளியவள். இதை இழந்தால் போவதற்கு அண்ணன் வீடு ஒன்றுதான் உண்டு. அண்ணிக்கு அதற்குள் இன்னும் மூன்று குழந்தைகள் பிறந்திருப்பதாகக் கடிதம் வேறு வந்திருந்தது. "ஐயோ கடவுளே, யாருமே வேண்டாம்னுதானே இங்க வந்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.  ஃபிட்ச் வாயடைத்து நின்றதை எங்கள் ஜில்லாவில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அடுத்த சில நாட்கள் அவள் கோர்ட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மேற்கே துப்பாக்கி, கிழக்கே துப்பாக்கி. தெற்கே அவளுடைய வீடு. வடக்கே? வடக்கே காவலே இல்லை. கோர்ட்டுக்கு வடக்கில், கொஞ்ச தூரத்தில் ஒரு மேடு. அதன் அடிவாரத்தில் அவள் நிலத்தின் எல்லைக் கல். கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கென்று அரசாங்கம் ஒதுக்கி வைத்த நிலம். அங்கே பள்ளிக்கூடமும் இல்லை, ஆளும் இல்லை.

மறுநாள் டூலி காப்பிக்காக அடுப்படிக்கு வந்தபோது அவனைத் தனியாகப் பிடித்தாள். "டூலி, சேறு காஞ்சு போச்சு. ஆனா மேக்க இருக்கிற ஓடை இன்னும் காயல. நேரா மேக்க இழுத்தா மறுபடி மாட்டிக்குவ. வடமேக்கா இழுத்து மேட்டுல ஏத்திக்கோ. அங்கிருந்து பிளம்டன் வரைக்கும் சரிவுதான். சனிக்கிழமை மத்தியானம் நான் வான்கோழி அடிச்சுக் குழம்பு வெக்கிறேன். அந்த நார்வேக்காரன் சாப்பாட்டை விட்டு நகர மாட்டான். கொழு சத்தம் கேட்டதும் நீ மாட்டைப் பூட்டு."

டூலிக்கு வாயெல்லாம் பல். "அம்மணி, நீங்க பிளம்டன் பக்கம்னு எனக்கு அப்பவே தெரியும்!"

அதே சாயங்காலம் ஆகெசன் தண்ணீர் கேட்டு வந்தார். "ஐயா, கிழக்க ஓடைச் சேறு இன்னும் காயல. வடகிழக்கா இழுத்து மேட்டுல ஏத்திடுங்க. அங்கிருந்து விண்டத்துக்குச் சரிவு. சனிக்கிழமை வான்கோழிக் குழம்பு. அந்த டூலி தட்டுல கை வெச்சா எழுந்திரிக்க மாட்டான்னு உங்களுக்குத் தெரியுமே. கொழு சத்தம் கேட்டதும் மாட்டைப் பூட்டுங்க."

ஆகெசன் ரொம்ப நேரம் யோசித்தார். "வான்கோழியில எனக்குக் கொஞ்சம் எடுத்து வெப்பீங்களா?" என்றார்.

"வெக்கிறேன்."

சனிக்கிழமை வந்தது. குழம்பின் வாசனை கோர்ட்டுக்குள் புகுந்து ஜூரிகளைப் படுத்தியது. ஓரில்லா கொழுவை ணங் ணங் என்று அடித்தாள். சாப்பிட வந்தவர்கள் ஜூரிகளும் நாவிதனும் உப்பு வண்டிக்காரனும் மட்டுமே. டூலி தன் எருதுகளை ஓட்டிக்கொண்டு வந்து கோர்ட்டின் வடமேற்கு மூலையில் சங்கிலி மாட்டினான். ஆகெசன் தன் எருதுகளோடு வந்து வடகிழக்கு மூலையில் மாட்டினார். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அடப்பாவி! சாப்பிடப் போகலயா நீ?"

"நீங்க போகலயே."

"இழுங்கடா!" என்று கத்தினான் டூலி. ஆகெசன் தன் பாஷையில் ஏதோ கத்தினார். சாட்டைகள் பறந்தன. துப்பாக்கி எடுக்க யாருக்கும் கை ஒழியவில்லை, எல்லாக் கையும் சங்கிலியில் இருந்தது. ஒரு கூட்டம் வடமேற்காக இழுத்தது, இன்னொன்று வடகிழக்காக இழுத்தது. கோர்ட்டு கொஞ்ச நேரம் முனகிக்கொண்டு நின்றது. பிறகு காய்ந்து இறுகிய சேற்றிலிருந்து ஒரு பெரிய சப்தத்தோடு விடுபட்டு, மேற்கேயும் போகாமல் கிழக்கேயும் போகாமல், நேரே வடக்கு நோக்கி நகர ஆரம்பித்தது.

உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்த ஃபிட்ச் ஜன்னலுக்கு ஓடி வந்தார். மணிக் கயிற்றைப் பிடித்துத் தடுமாறியதில் மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. "எங்கய்யா போறோம்? யாராவது சொல்லுங்களேன்!"

ஓரில்லா எல்லைக் கல்லருகே போய் நின்றுகொண்டாள். அண்ணன் வீட்டை விட்டு வந்தபிறகு அவள் குரலை உயர்த்தியது அன்றுதான்.

"டூலி! உன் மாடு தூங்குதா? அவர் ஜெயிச்சிடுவார் போலிருக்கே!"

"யாரு, இவனா? ஏய், இழு, இழு!"

"ஆகெசன் ஐயா, டூலி ஒரு அடி முன்னால போயிட்டான்! விண்டத்துல சோறு போடறதில்லையா உங்க ஆளுங்களுக்கு?"

ஆகெசன் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தானே சங்கிலியைப் பிடித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜூரிகள் தட்டோடு வெளியே வந்தார்கள். பாதிப்பேர் இந்தப் பக்கம், பாதிப்பேர் அந்தப் பக்கம் சேர்ந்து இழுத்தார்கள். இழுபறி முற்ற முற்றக் கோர்ட்டு வடக்கே போய்க்கொண்டே இருந்தது. எல்லைக் கல்லைத் தாண்டியது. மேட்டில் ஏறியது. மேட்டின் உச்சியில் இரண்டு பக்கமும் ஒரே வேகமாக வெட்டி இழுத்தபோது அடிக்கட்டைகள் இரண்டும் படாரென்று முறிந்தன. கோர்ட்டு முக்கி முனகிக் குந்தியது. இனி அதை நகர்த்த யாராலும் ஆகாது.

எல்லோரும் மூச்சு வாங்க நின்றார்கள். டூலி மேற்கே பார்த்தான், கிழக்கே பார்த்தான், கடைசியில் திரும்பித் தெற்கே பார்த்தான். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், கோர்ட்டு போய்க் காலியான தன் சோளக்காட்டில் ஓரில்லா நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மணி..." என்றான். "வடமேக்கன்னு எங்கிட்டச் சொன்னீங்க. இவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"குழம்பு ஆறுது" என்றாள் அவள். "வேணுமா, வேண்டாமா?"

சாப்பிட்டார்கள். வேறென்ன செய்வது? யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆகெசனுக்கு எடுத்து வைத்திருந்த கால் துண்டை அவர் பாதியில் வைத்துவிட்டார், அது ஓரில்லாவுக்கு உறுத்தியது. கதவைத் திறந்து பிடித்து, "கிளம்புங்க" என்றபோது அவள் குரல் வழக்கம்போல இல்லை. நாவிதனும் உப்பு வண்டிக்காரனும் அன்று மாலையே கோர்ட்டைத் தேடி மேட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு கோஷ்டியும் அவரவர் ஊருக்குத் திரும்பின. அவர்கள் தோற்றது ஒருவரிடம் ஒருவர் அல்ல, ஒரு பெண்பிள்ளையிடம். அந்தக் கதை ஜில்லா முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது.

ஓரில்லாவுக்கு நிம்மதி கிடைத்துவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? அறுவடை முடிந்த வாரம் ஃபிட்ச் வந்து எல்லைக் கல்மேல் உட்கார்ந்தார். உள்ளே வர அனுமதி கேட்டால் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

"நில ஆபீஸ் அதிகாரி திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வர்றார், அம்மணி. உங்களுக்கு ரெண்டு சாட்சி வேணும். நீங்க அஞ்சு வருஷமும் இங்கதான் இருந்தீங்க, இது வெள்ளாமை நிலம்தான்னு, உங்களைத் தெரிஞ்ச ரெண்டு பேர் சத்தியம் பண்ணணும். நான் எழுதற ஆளு, நான் சாட்சி சொல்ல முடியாது. யாரைக் கூப்பிடப் போறீங்க?"

அவளைத் தெரிந்தவர் யார்? ஐந்து வருஷமாக எல்லாரையும் சாப்பிட வைத்தாள், எல்லாரையும் அனுப்பி வைத்தாள். ஒருத்தர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் உறவு அவளுக்கு இல்லை. அவளை நன்றாகத் தெரிந்த இரண்டே பேர் உண்டு, அந்த இரண்டு பேரையும் அவள் ஏமாற்றிவிட்டாள். போய்க் கேட்க நாக்கு எழவில்லை.

"யாரும் இல்ல" என்றாள். யாரும் இல்லாத இடம் கேட்டு வந்தவளுக்கு அந்தச் சொல் அன்று கசந்தது.

திங்கட்கிழமை நல்ல கருப்பு உடை உடுத்திக்கொண்டு தனியாகவே மேடேறிப் போனாள். கோர்ட்டுக்குள் அதிகாரி மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். ஃபிட்ச் பேனாவைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாத வேதனையில் நெளிந்தார்.

"அம்மா, உங்க நிலத்துல இந்தக் கோர்ட்டு நடந்ததாச் சொல்றாங்க. கடைகூட இருந்ததாம். ஊர் இருந்த இடத்துக்குப் பட்டா குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. உங்க சாட்சிங்க எங்க?"

ஓரில்லா பதில் சொல்லுமுன் பின்னால் கதவு திறந்தது. டூலி சவரம் பண்ணி, தலையில் தண்ணீர் தடவி வாரி வந்திருந்தான். "நான் ஒரு சாட்சி" என்றான். அவன் உட்காருவதற்குள் மறுபடி கதவு திறந்து ஆகெசன் நுழைந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீ எதுக்கு வந்த?"

"நீங்க வர மாட்டீங்கன்னு நினைச்சு வந்தேன்."

இருவரும் ஒரே பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். அந்த இரண்டு ஊரும் ஒரு காரியத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

"இந்த அம்மா தொடர்ந்து அந்த நிலத்துல குடியிருந்தாங்களா?" என்று அதிகாரி டூலியைக் கேட்டார்.

"குடியிருந்தாங்களாவா? துப்பாக்கி நீட்டிக்கூட நகத்த முடியாதுங்க. நான் முயற்சி பண்ணிப் பாத்தவன்."

"பயிர் பண்ணினாங்களா?"

"பண்ணினாங்க. பாதியை என் மாடு தின்னுச்சு."

அதிகாரி ஆகெசன் பக்கம் திரும்பினார். "அங்க ஊர் இருந்ததா இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க."

ஆகெசன் யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் ஒரு குதிரைக்கு லாடம் கட்டிவிடலாம்.

"ஊர்னா, ஐயா, வர்றவங்களை வாங்கன்னு சொல்ற இடம்" என்றார் கடைசியில். "இந்த அம்மணி ஒருநாள்கூட எங்களை வாங்கன்னு சொன்னதில்ல. தினம் சோறு போட்டாங்க, தினம் போகச் சொன்னாங்க. கோர்ட்டையும் போகச் சொன்னாங்க. கடைசியில அதுவும் போயிடுச்சு. அது எப்படி ஊர் ஆகும்?"

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். ஃபிட்ச் அழுதுகொண்டே எழுதினார். கண்ணீரில் மசி ஊறிய அந்தத் தாள் பிறகு ரொம்ப காலம் கோர்ட்டில் இருந்தது. பட்டா அவள் பெயருக்கு வந்தது.

கோர்ட்டைச் சுற்றி மேட்டில் ஒரு ஊர் வந்தது. பிளம்டனிலிருந்தும் விண்டத்திலிருந்தும் வீடுகள் நகர்ந்து வந்து சேர்ந்தன. டூலியின் லாயம் ஒரு பக்கம், ஆகெசனின் தானியக் கிட்டங்கி எதிர்ப்பக்கம். ஊருக்குப் பெயர் வைக்க அவர்களுக்குள் மறுபடி சண்டை வந்து, கடைசியில் 'ட்விச்சல்' என்று வைத்தார்கள். ஓரில்லாவுக்குக் கெட்ட கோபம் வந்தது. நிலத்தின் தென்கோடியில் புதிதாகப் புல்மண் வீடு கட்டிக்கொண்டாள், அந்த ஊரில் ஒருநாளும் குடியிருக்கவில்லை. என்றாலும் மத்தியானம் கொழுவை அடிப்பதை நிறுத்தவில்லை. காற்று வடக்கே வீசினால் சத்தம் கோர்ட்டுவரை கேட்கும், எவனாவது ஒருவன் மேட்டிலிருந்து இறங்கி வருவான். ஞாயிற்றுக்கிழமை என்றால் அது ஃபிட்ச். வாய் பேசாமல் சாப்பிட அவர் பழகிக்கொள்ள ஏழெட்டு வருஷம் ஆயிற்று. பழகியபிறகு ஓரில்லாவே, "என்ன, கோர்ட்டுல ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தாள். கேட்டுவிட்டு அவர் சொல்வதை முழுக்கக் கேட்பாள், அப்புறம் கதவைத் திறந்து பிடிப்பாள்.

வயதாகி ஒரு அறுவடை முடிந்த பருவத்தில் அவள் இறந்தபோது ஊரே கடையடைத்துவிட்டுத் தெற்கே நடந்து வந்தது. பேண்டு வாத்தியம் இல்லை. பாதிரியார் பிரசங்கம் செய்ய வாயெடுத்தார். நரைத்துப்போன ஃபிட்ச் அவர் கையைப் பிடித்து அமுக்கி, வேண்டாம் என்று தலையாட்டினார். மண் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லாம் முடிந்தபிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். டூலி போய்க் கொழுவை ணங் ணங் என்று அடித்தான். பெண்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை எல்லாம் அவள் மேஜையில் வைத்தார்கள். பிளம்டன்காரர்களும் விண்டம்காரர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தட்டுகள் காலியாயின. ஆகெசன் வாயைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து கதவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். கதவு சாத்தியே இருந்தது. அந்த வீட்டில் முதன்முதலாக அவர்களைக் கிளம்பச் சொல்ல யாரும் இல்லை.